மன்னார்க் கரையில் பிள்ளைகளுக்கு யார் துணை?

பிள்ளையில்லாத வீடு பாழ் என்பது நம்மவர் வாக்கு. பிள்ளையிருந்தும் அதனைப் பேண வழியின்றி வாடும் வீடுகளைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேநீரும் பத்திரிகையுமாக அமர்ந்திருக்கும் வாசகர்களை இன்று அத்தகைய வீடுகளின் பக்கம் சிறிது அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். நாம் செல்லும் இடம் மன்னார்த் தீவும் அதனை அடுத்துள்ள கரையோரமும் ஆகும்.

பெருநிலத்திலிருந்து ஆழமற்ற கடலின் நடுவே நீண்டு செல்லும் பாதையாலே தீவை அடைகின்றோம். போர்க்காலத்தில் தகர்ந்துபோன பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2010-இல் திறக்கப்பட்டது. தலைமன்னார் வரையிலான ரயில் 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. பள்ளிமுனையிலே பல நூற்றாண்டுகளாய் நிற்கும் பெருக்கு மரம், தெருவிலே தம் விருப்பம்போல் திரியும் கழுதைகள், பேசாலைக் கரையிலே வெயிலிற் காயும் கருவாடு, ஒரே வீதியிற் கேட்கும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் கோயிற் சங்கும் ஆகிய இவையெல்லாம் பயணிக்கு இன்பம் தரும் காட்சிகளே. ஆனால் இக்காட்சிகளுக்குப் பின்னால் உள்ள குடும்பங்களின் சுமையை அறிய வேண்டுமாயின், வீதியை விட்டு இறங்கி ஒழுங்கைகளுக்குள்ளே செல்ல வேண்டும்.

கடலும் போரும் வைத்த சுமை

கடலை நம்பிய குடும்பத்தின் வருவாய் காற்றின் கையில் உள்ளது. சோளகம் வீசும்போது ஒரு கரை, வாடை வீசும்போது மறு கரை என்று தொழிலிடம் மாறும். தொழிலோடு வாடியும் மாறும். சில வேளைகளில் வாடியோடு குடும்பமும் மாறும். பெரியவர்களுக்கு அது பழகிய வழக்கம். பிள்ளைக்கோ அது பாதியில் நின்ற பாடம். இரண்டு மாதம் வகுப்பிலே காணாமற்போன மாணவன் திரும்பி வரும்போது பின்வரிசையில் அமர்கின்றான். அடுத்த முறை திரும்பியே வருவதில்லை. தந்தை சம்மாட்டியிடம் பெற்ற முற்பணம் தீராதிருந்தால், மகனுடைய கைகளும் வலையிழுக்கச் சென்றுவிடுகின்றன.

இதன்மேல் போர் வந்து விழுந்தது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய தீவுக் கிராமங்களின் குடும்பங்கள் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பகுதிகளைச் சென்றடைந்தன. 2007 முதல் 2009 வரை முசலியிலும் மாந்தை மேற்கிலும் வாழ்ந்தோர் ஊரூராய் இடம்பெயர்ந்தனர். மாந்தை மேற்கு மக்களிற் பலர் வன்னியின் இறுதிப் போரைக் கடந்து, செட்டிகுளத்து முகாம்களிலே தங்கிய பின்னரே ஊர் திரும்பினர். கணவனை இழந்த பெண்களும், காணாமற்போன கணவனைத் தேடி இன்னும் மனுக்கொடுக்கும் பெண்களும் தலைமை தாங்கும் வீடுகள் இக்கரையெங்கும் உண்டு.

இங்கே ஒன்றை நாம் மறந்துவிடுகின்றோம். அன்று முகாம்களிலே பிள்ளைகளாய் இருந்தவர்கள் இன்று தாய் தந்தையர். தாம் பெறாத பிள்ளைப்பருவத்தைத் தம் மக்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கின்றனர். அது எளிதான காரியம் அன்று.

பின்னர் 2022-இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. அவ்வாண்டு மார்ச் 22-ஆந் திகதி, வடபகுதியிலிருந்து இரு குழுக்களாய்ப் புறப்பட்ட 16 பேர் தமிழ்நாட்டுக் கரையை அடைந்தனர். முதற்குழுவினர் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டொன்றிலே இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கரையோரக் காவற்படையினரால் மீட்கப்பட்டனர். அக்குழுவிலே கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஒரு தாய் கைக்குழந்தையோடு நள்ளிரவில் கடலில் இறங்குகின்றாள் என்றால், அவளுக்குக் கரையிலே எந்தக் கதவும் திறந்திருப்பதாகத் தோன்றவில்லை என்பதே அதன் பொருள்.

உண்மையில் கதவுகள் இல்லையா? அதைத்தான் நாம் இன்று ஆராயப் புகுந்தோம்.

ஒரு சிறுவனை எண்ணிப் பார்ப்போம்

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை வாசகர்கள் மனத்தில் எண்ணிக்கொள்க. அவனுக்கு நாம் பெயரிடவில்லை. ஏனெனில் இக்கரையில் அவனைப் போன்றோர் பலர். தகப்பன் கடலுக்குச் சென்று மீளவில்லை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றிலே வீட்டுப் பணிக்குச் சென்றிருக்கின்றாள். அம்மம்மாவோடும் ஏழு வயதுத் தங்கையோடும் தகரக் கூரையின் கீழ் வாழ்கின்றான். தாய் அனுப்பும் பணம் சில மாதம் வருகின்றது. சில மாதம் வருவதில்லை. அம்மம்மாவின் கண் மங்கிவிட்டது. ஒரு நாள் அயலிலுள்ள ஒருவர், “தம்பி, வள்ளத்துக்கு வாறியா?” என்று கேட்கின்றார். மறுநாள் வகுப்பறையில் அவன் இடம் வெறுமையாய் இருக்கின்றது.

சட்டம் இவனைப் பற்றி என்ன சொல்கின்றது? ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பது 2016 முதல் உள்ள விதி. வேலைக்கு அமர்த்துவதற்குரிய ஆகக் குறைந்த வயதும் 2021-இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே வள்ளத்துக்கு அழைத்தவரும் தவறு செய்கின்றார். அனுப்பியவரும் தவறு செய்கின்றார். ஆனால் சட்டத்தை மட்டும் காட்டினால் அம்மம்மாவின் அடுப்பு எரியாது. சட்டம் பிள்ளையை வள்ளத்திலிருந்து இறக்கலாம்; இறங்கியவனுக்குச் சோறும் புத்தகமும் கொடுப்பதற்கு வேறு கைகள் வேண்டும்.

வாசல்கள் பல

அக்கைகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1939-ஆம் ஆண்டிலேயே சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991-இல் ஏற்றுக்கொண்டது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. மாகாணந்தோறும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இயங்குகின்றது.

இவை கொழும்பிலும் மாகாணத் தலைநகரிலும் உள்ள பெயர்ப்பலகைகள் அல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். மன்னார் மாவட்டத்திலே ஐந்து பிரதேச செயலகங்கள் உள்ளன: மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மடு, மாந்தை மேற்கு. பிரதேச செயலக மட்டத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பல பதவிகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே நிற்பவர். பொலிஸ் நிலையங்களிலே சிறுவர், பெண்கள் பிரிவு உண்டு. கிராமத்துக்கோ கிராம அலுவலர் இருக்கின்றார். கருவுற்ற நாள் தொட்டுக் குழந்தை பாடசாலை செல்லும் வரை வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவிச்சி அம்மா இருக்கின்றார். இக்கட்டுரைக்காக எண்ணிப் பார்த்தபோது, நம் சிறுவனுடைய வீட்டுக்கு உதவக்கூடிய உத்தியோகத்தர் ஏழு எட்டுப் பேர் என்று தேறிற்று.

ஒவ்வொருவரும் என்ன செய்யக்கூடும் என்பதையும் பார்ப்போம். வறிய குடும்பத்துக்கு 2023 முதல் ‘அஸ்வெசும’ என்னும் நலன்புரிக் கொடுப்பனவு உள்ளது. பதிவில் விடுபட்டவர் முறையிடலாம். கல்வியைத் தொடர வழியற்ற பிள்ளைக்குப் புரவலர் ஒருவரின் உதவிப் பணத்தைத் தேடிக்கொடுக்கும் ‘செவன சரண’ வளர்ப்புப் பெற்றோர் திட்டம் உள்ளது. 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாக வழங்கி வந்துள்ளது. சத்துக் குறைந்த குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் 1970-களிலிருந்து திரிபோஷா மாவு வழங்கும் ஏற்பாடும் உண்டு. அம்மம்மாவின் கண்ணுக்கு அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை உண்டு. மன்னார் நகரிலே மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கின்றது.

அரசாங்கத்துக்கு வெளியேயும் கைகள் உள்ளன. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ‘வாழ்வுதயம்’ நெடுங்காலமாக இக்கரையிலே தொண்டாற்றி வருவது. மன்னார்ப் பெண்கள் அபிவிருத்திக் கூட்டமைப்பு தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாய் அமர்ந்து கட்டிய அமைப்பு. போரினால் பிரிந்த இரு சமூகத்துத் தாய்மாரும் தம் பிள்ளைகளின் பொருட்டு ஒரே பாயில் அமர்ந்தனர் என்பதைக் குறிப்பிடாமல் விட நமக்கு மனம் வரவில்லை.

பிரிப்பதா, தாங்குவதா?

நம் சிறுவனுக்கும் தங்கைக்கும் என்ன செய்யலாம் என்று கேட்டால், நம்மிற் பலர் உடனே, “இரண்டு பேரையும் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமே” என்போம். நல்லெண்ணத்தோடு சொல்லும் சொல்லே அது. போர்க்காலத்திலும் அதன் பின்னும் பெற்றோரை இழந்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிறுவர் இல்லங்களே உயிர் காத்த இடங்களாயின. துறவியரும் தொண்டரும் அங்கே ஆற்றிய பணியை எவரும் குறைத்துச் சொல்லார்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தாய் தந்தையரை முற்றாக இழந்தவர் அல்லர். தாயோ தந்தையோ இருவருமோ அவர்களுக்கு உயிருடன் உள்ளனர். இதனை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. வறுமையும் குடும்பப் பிரிவுமே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன. அதாவது, வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டிய உதவி செல்லாமையால், வீட்டிலிருந்து பிள்ளை வெளியே சென்றது. இதனை உணர்ந்தே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், முதலில் குடும்பத்தையும் உறவினரையும் நாட வேண்டும் என்பது அரசாங்கத்தின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையாக 2019-இல் ஏற்கப்பட்டது.

பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பிள்ளையொன்று காப்பின்றி நீதவான் முன்னே கொண்டுவரப்படும்போது, நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குச் சென்று விசாரித்து அறிக்கை சமர்ப்பிக்கின்றார். அதனைக் கொண்டு நீதவான் பிள்ளையைப் பெற்றோரிடமே மேற்பார்வையின் கீழ் ஒப்படைக்கலாம். பெரியம்மா, மாமி போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். வேறு வழி இல்லையெனில் இல்லத்துக்கு அனுப்பலாம். மங்கிய கண்ணுடைய அம்மம்மாவுக்குச் சிறிது பணவுதவியும், கண்ணுக்குச் சிகிச்சையும், வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஓர் உத்தியோகத்தரும் இருந்தால், அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் வளரலாம். ஆண்பிள்ளை ஓர் இல்லத்திலும் பெண்பிள்ளை இன்னோர் இல்லத்திலுமாகப் பிரிக்கப்பட்டால், கடல் தந்தையை எடுத்தது போல நாம் தங்கையை எடுத்துவிடுகின்றோம்.

வீட்டிலேயே அடியும் தீங்கும் நேரும்போது நிலைமை வேறு. அங்கே பிள்ளையை உடனே பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துச் செல்வதே கடமை. குடும்ப மானம் என்று சொல்லி மூடிமறைப்பது, தீங்கு செய்தவனுக்குத் துணைபோவதாகும். இதில் நமக்கு ஐயம் வேண்டியதில்லை.

பத்திரமில்லாப் பிள்ளைகள்

இக்கரைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இடம்பெயர்ந்த வீடுகளிலே உடைமையோடு பத்திரங்களும் போயின. முகாமிலே பிறந்த பிள்ளை, புத்தளத்திலே பிறந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய பிள்ளை, மண்டபத்திலோ வேறு தமிழக முகாமிலோ பிறந்து பெற்றோருடன் தாய்நாடு மீண்ட பிள்ளை என்று பலவகையினர் இங்கு உளர். பிறப்புச் சான்றிதழ் இல்லையேல், பாடசாலை அனுமதி முதல் அடையாள அட்டை வரை எல்லாவற்றிலும் தடங்கல் ஏற்படும். பதிவு செய்யப்படாத பிறப்புக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். இந்தியாவிற் பிறந்தவர்கள் அங்கு பெற்ற பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு இலங்கைக் குடியுரிமையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இத்தகைய அலுவல்களிலே ஏதிலியருக்குக் கைகொடுத்து வந்த அமைப்பு, 1984-இல் தமிழகத்திலே தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்.

இதைப் படிக்கும் தாய்மார் தம் அயலிலே அத்தகைய பிள்ளை இருப்பின், கிராம அலுவலரிடம் இன்றே அனுப்பி வைக்க வேண்டுகின்றோம். பத்து வயதில் பெறக்கூடிய பத்திரத்தைப் பதினாறு வயதில் பரீட்சை வாசலில் நின்று தேடுவது பெருந்துன்பம்.

வேறு விதமாய் மலரும் பிள்ளைகள்

உடற்குறையோ அறிவு வளர்ச்சியிலே தாமதமோ உள்ள பிள்ளைகளை வீட்டின் உள்ளறையிலே மறைத்து வைக்கும் வழக்கம் முன்னர் எங்கும் இருந்தது. மன்னாரிலே மாற்றுத் திறனாளிகளுக்கெனவே உழைக்கும் ‘மார்டாப்’ என்ற அமைப்பு அவ்வறைக் கதவுகளைத் தட்டித் திறக்க முயன்று வந்துள்ளது. தீவின் கழுதைகளைக் கொண்டே அத்தகைய பிள்ளைகளுக்கு உதவும் புதுமையையும் இங்கு சொல்ல வேண்டும். ‘பிரிட்ஜிங் லங்கா’ என்ற தொண்டமைப்பு, வீதியிலே காயம்பட்டுத் திரியும் கழுதைகளுக்கு ஒரு வைத்திய நிலையம் அமைத்தது. சிறப்புத் தேவையுள்ள சிறுவர்களை அக்கழுதைகளோடு பழகவிடும் முயற்சியும் அங்கே மேற்கொள்ளப்பட்டது. பேசத் தயங்கும் பிள்ளை பேசாத பிராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பதை எண்ணும்போது நெஞ்சு இளகுகின்றது. எவரும் வேண்டாதென ஒதுக்கிய இரு உயிர்கள் ஒன்றையொன்று தேற்றுகின்றன.

பதினாறு வயதுக்குப் பின்

இளைஞர் நிலை வேறொரு கவலை. பரீட்சையிலே தவறிய பதினேழு வயது மகன் வீட்டுக்கும் வேண்டாதவனாகின்றான். அவனை வேண்டுவோர் தீய வழியினரே. கடல்வழியே கடத்தப்படும் கஞ்சாவும் பிற போதைப்பொருளும் இக்கரையில் அடிக்கடி பிடிபடுவதைச் செய்திகளிலே காண்கின்றோம். ஓர் இரவுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று ஆசை காட்டினால், கடன்பட்ட வீட்டுப் பிள்ளை எப்படித் தாங்குவான்?

அவனுக்கும் வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றின் பயிற்சிகளிலே சேரலாம். அயல் மாவட்டமாகிய கிளிநொச்சியிலே, அறிவியல் நகரில் 2016-இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உள்ளது. போதைப் பழக்கத்திலே சிக்கியவனுக்கும் சிறைக்கு முன்னரே செல்லக்கூடிய இடம் உண்டு. அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம். மனம் சோர்ந்தவர்க்கு 1926 என்னும் எண் உள்ளது. பெண்களின் முறைப்பாடுகளுக்கு 1938. இந்த எண்களை நாட்காட்டியின் ஓரத்திலே எழுதி வைப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

முதல் அடி யாருடையது?

இனி நம் சிறுவனிடம் திரும்புவோம். அவனுக்குரிய கதவுகள் எட்டு என்று கண்டோம். ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் அவன் தட்டுவானா? பதின்மூன்று வயதுப் பிள்ளை பிரதேச செயலகத்துப் படியேறி, “ஐயா, எனக்கு உதவி வேண்டும்” என்று சொல்வதில்லை. மங்கிய கண்ணுடைய அம்மம்மாவும் சொல்வதில்லை. அவருக்கு விண்ணப்பப் படிவம் என்றால் அச்சம். உத்தியோகத்தர் என்றால், பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவாரோ என்று அதனினும் பெரிய அச்சம். உத்தியோகத்தருக்கோ ஒருவர்க்குப் பல கிராமங்கள், பல கோவைகள். ஆகவே கதவு திறந்திருந்தும் பிள்ளை வெளியே நிற்கின்றது.

நடுவிலே உள்ள அந்தச் சிறு தூரத்தைக் கடப்பிக்க ஒருவர் வேண்டும். வரவுப் பதிவேட்டிலே மூன்று நாள் தொடர்ந்து ‘வரவில்லை’ என்று குறித்த ஆசிரியை, நான்காம் நாள் வீட்டுக்குச் சென்று பார்க்கலாம். அடுத்த வீட்டு அக்கா, அம்மம்மாவைக் கையைப் பிடித்து ஐந்து மைல் பேருந்தில் அழைத்துச் செல்லலாம். பங்குத் தந்தையோ மௌலவியோ கோயில் ஐயரோ, வள்ளத்துக்கு அழைத்தவரிடம் ஒரு சொல் சொல்லலாம். சம்மாட்டி தானே, “நீ படி தம்பி, வள்ளம் எங்கும் ஓடிவிடாது” என்று திருப்பி அனுப்பலாம். எதுவும் செய்ய இயலாதவர் 1929 என்னும் எண்ணை அழைக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அந்த எண்ணுக்குக் கட்டணமில்லை, இரவு பகல் என்றில்லை, தமிழிலே பேசலாம், தம் பெயரைச் சொல்ல விரும்பாதோர் சொல்லாமலும் விடலாம்.

பிறர் வீட்டு விவகாரம் நமக்கேன் என்பது நம்மிடையே நாகரிகமாய்க் கருதப்படுகின்றது. அயல் வீட்டுக் கூரை தீப்பற்றினால் அப்படிச் சொல்வோமா? பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்பதும் ஒரு தீயே. புகை மட்டும் தெரிவதில்லை.

மாலை நேரத்தில் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைக்குச் சென்றால், கப்பல் வராத துறையிலே அலை மட்டும் மோதிக்கொண்டிருப்பதைக் காணலாம். முப்பது கிலோமீற்றருக்குள் மறுகரை. பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு அக்கரை நோக்கிச் செல்லும் இன்னொரு தாயை நம் கரை இனிக் காணாதிருக்க வேண்டும். அதற்குப் பெரிய திட்டங்கள் வேண்டியவையே; அவற்றை அரசாங்கம் செய்யட்டும். இன்று மாலை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஒழுங்கையிலே நாளைக் காலை பாடசாலைக்குப் புறப்படாத பிள்ளை எது என்று பாருங்கள். பார்த்தால், அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே சென்று, “அம்மம்மா, எப்படி இருக்கிறீங்கள்?” என்று கேளுங்கள். மற்றவை அதன் பின்னே வரும்.